நூறு மீட்டருக்கு மூன்று விரல்

நைரீயின் கம்பளிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டைமர் இருக்கும். முட்டை வேகவைக்க வாங்கியது. வீட்டுப் படி இறங்கும்போது அதை இருபதில் திருகி வைத்துக்கொள்வாள், அது அடித்ததும் திரும்பிவிடுவாள். இருபது நிமிடம் போக, இருபது நிமிடம் வர. அந்த இருபது நிமிடத்தில் ஐம்பத்தெட்டு வயதுக் கால் எவ்வளவு தூரம் போகுமோ, இரண்டு வருடமாக அவ்வளவுதான் அவளுடைய உலகம். மேற்கே பழைய சரளைக் குழி. கிழக்கே ஓடைக்கு அக்கரையில் ஒரு மண்சரிவு. தெற்கே தபால்பெட்டி. வடக்கே காடு தொடங்கி ஏழெட்டு மரம். ஒவ்வொரு கல்லும் பழகிவிட்டது, பழகியதாலேயே பிடிக்காமலும் போய்விட்டது.

அவள் புருஷன் கெல்வின் டல்லக்கைத் தெரியாதவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. தெற்குத் தீவில் மான் பெருகி மலையையே மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், அரசாங்க வேட்டைக்காரனாக மாவு மூட்டையும் தோட்டாவும் சுமந்து மாதக்கணக்கில் மலையில் கிடந்தவன். பிறகு வேலி போடும் தொழிலுக்கு வந்தான். கல்யாணமான மறுவாரமே நைரீயை மேலே கூட்டிப்போனான். அந்த ஊரில் மேலே என்றால் ஒரே அர்த்தம்தான்: காட்டையெல்லாம் தாண்டி உயரத்தில் கிடக்கும், மரமே இல்லாத புல்மலை. பெண்டாட்டி தன்னைவிட நன்றாகச் சுடுவாள் என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை ஜீரணிக்க நாலு வருடம் பிடித்தது.

இரண்டு வருடம் முன்பு ஏப்ரலில், ஆண்மான்கள் பெண்மானுக்காக அடித்தொண்டையில் கத்தி முக்காரமிடும் பருவத்தில், கெல்வின் காலையில் எழுந்து தலைவலி என்றான். "நீ போ கிழவி, நான் நாளைக்கு வரேன்" என்று அவளை அனுப்பினான். அவள் போனாள். மேலே இருநூற்று முப்பது மீட்டர் தூரத்தில் பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு ஆண்மான் நின்றது. ஒரே குண்டு. கொம்பையும் பெருமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், கெல்வின் சமையலறைத் தரையில் கிடந்தான். ஐந்து மணி நேரமாகக் கிடந்திருக்கிறான். பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கொஞ்சம் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் என்று ஊரில் யாரோ ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ஆரம்பித்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதீர்கள், வலிப்பு வரலாம் என்று வீட்டுக்கு வந்துபோகிற நர்ஸ் சொன்னாள். நைரீ அதிலிருந்து ஐந்து நிமிடம் குறைத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் அவளாகப் போட்டுக்கொண்ட தண்டனை.

இனி துப்பாக்கி. குண்டு நேர்கோட்டில் போவதில்லை. எறிந்த கல் கொஞ்சம் ஏறி இறங்குவது போலத்தான் போகும். துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக்கோடும் குண்டும் எந்தத் தூரத்தில் சரியாக ஒன்றுசேர வேண்டும் என்று துப்பாக்கிக்காரர்தான் முடிவு செய்து, ஸ்கோப்பின் தலையிலுள்ள திருகைத் திருகி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஜீரோ வைப்பது. கெல்வின் வைத்திருந்த ஜீரோ மேலே உள்ள புல்மலைக்கானது. அங்கே இருநூறு, இருநூற்றைம்பது மீட்டரெல்லாம் சர்வசாதாரணம். அதற்காக, நூறு மீட்டரில் குண்டு குறுக்குக்கோட்டுக்கு மூன்று விரல் மேலே படுகிற மாதிரி வைத்திருந்தான். அவன் அப்பாவும் அப்படித்தான் வைத்தார். வைத்த திருகு அசையாமலிருக்கவும், அசைந்தால் தெரியவும், நைரீயின் சிவப்பு நகச்சாயத்தை எடுத்துத் திருகின் மேலும் அதன் அடிவட்டத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்திருந்தான். அவள் அந்தச் சாயத்தை நகத்தில் பூசியது தங்கை கல்யாணத்தன்று ஒரு முறை. மிச்சமெல்லாம் துப்பாக்கிக்கே போயிற்று.

இப்போது நைரீ சுடுவதெல்லாம் அந்த மண்சரிவில்தான். ஓடைக்கு இக்கரையில் படுத்தால் எதிரே எண்பதிலிருந்து நூறு மீட்டர். சரிவில் முளைத்த புது இலைக்குப் பெண்மான்கள் வரும். வீட்டு ஃப்ரீசர் நிறைவது அதனால்தான்.

மூன்று விரல் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். நெஞ்சில் சுடுகிறவருக்கு ஒன்றுமில்லை. ஆனால் நெஞ்சில் பட்ட மான் நின்ற இடத்தில் விழாது. எழுபது எண்பது மீட்டர் ஓடி, ஓடைப் புதருக்குள் போய்த்தான் விழும். தேடி, இழுத்து, வெட்டிக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் அவளிடம் இல்லை. கழுத்தில் சுட்டால் மான் நின்ற இடத்திலேயே மடங்கும். அதனால் அவள் கழுத்தைத் தவிர வேறெங்கும் சுடுவதில்லை. கழுத்துக்கு மூன்று விரல் ரொம்ப அதிகம்.

மார்ச் மாதத்தில் இரண்டு குண்டு கழுத்துக்கு மேலே வெறும் காற்றில் போயின. மூன்றாவது குண்டு ஒரு பெண்மானின் கழுத்து மேல்சதையைக் கிழித்துக்கொண்டு போனது. அது விழுந்தது, எழுந்தது, முன்னங்கால் பின்னிக்கொள்ள ஓடைப் பக்கம் இறங்கியது. நைரீ ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போனாள். புதருக்குள் அது இருமுவது கேட்டது. அப்போது சட்டைப் பைக்குள் டைமர் அடித்தது.

அவள் அந்த இடத்திலேயே நின்றாள். இன்னும் ஒரு கால் மணி நேரம் இருந்தால் முடித்துவிடலாம். சமையலறைத் தரை கண்முன் வந்தது. திரும்பி நடந்தாள். மறுநாள் தேடினாள், அதற்கு மறுநாளும் தேடினாள். நாலாம் நாள் பருந்துகள் வட்டமிட்டுக் காட்டிக்கொடுத்தன. எத்தனையோ மான் சுட்டவள்தான் அவள், ஒன்றையும் அப்படி விட்டுவிட்டு வந்ததில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் இறைச்சித் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"கெல்வின், ஜீரோவ நூறுக்கு எறக்கிடலாமா?" என்று கேட்டாள்.

அவன் பேச்சு மெதுவாகத்தான் வரும். சில வார்த்தை தேடினால்தான் கிடைக்கும். கிடைத்தால் கூர்மையாகத்தான் கிடைக்கும். "எதுக்கு?"

"சரிவுல எல்லாமே நூறுக்குள்ளதான். கழுத்துக்கு மேல போயிடுது."

"மூணு விரல் கீழ புடி."

"கழுத்துக்கு மூணு விரல் கீழ என்ன இருக்கு? காத்துதான் இருக்கு. காத்தக் குறி பாத்துச் சுடச் சொல்றியா?"

"முப்பத்தஞ்சு வருஷமா அதே துப்பாக்கிலதான சுட்ட?"

"நெஞ்சுல சுட்டேன். தேடிப்போக நேரம் இருந்துச்சு."

கெல்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னலில் மலை தெரியும். நாற்காலியை அங்கே போடச் சொன்னவனும் அவன்தான். "நூறுக்கு வச்சா அது முயல் துப்பாக்கி. நாளைக்கு மேல போனா என்ன பண்ணுவ?"

"யாரு மேல போறா?"

"அடுத்த வருஷம் போவோம். இந்தக் கை கொஞ்சம் சரியாகட்டும்."

அந்தக் கை சரியாகாது என்று டாக்டருக்குத் தெரியும், நைரீக்குத் தெரியும், கெல்வினுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சிவப்புக் கோடு அசையாமல் இருக்கிறவரை அந்த வீட்டில் அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது. அதை எப்படிக் கலைப்பது? நைரீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

புதருக்குள் இருமிய சத்தம் மட்டும் போகவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் அவள் முடிவு செய்தாள். அவனுக்குத் தெரியாமல் மாற்றிவிடுவது.

சொல்வது சுலபம். துப்பாக்கியில் ரகசியமாக ஜீரோ வைக்க முடியாது. மூன்று குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும், திருக வேண்டும், குழல் ஆற விட்டு மறுபடி மூன்று சுட வேண்டும். மான் சுடப் போனவள் ஒன்று சுடுவாள், மிஞ்சினால் இரண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனோ வாழ்நாளெல்லாம் தோட்டாச் சத்தத்தை எண்ணியவன். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாளைக்கு ஒரே குண்டு. சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தவறிவிட்டது என்று சொல்வது. பள்ளத்தாக்கிலேயே நன்றாகச் சுடுகிறவள் என்று பெயரெடுத்தவளுக்கு அது சாதாரண அவமானமில்லை.

முதல் நாள் சரளைக் குழியில் நூறு மீட்டர் அளந்து, காலி ஓட்ஸ் பெட்டியில் கறுப்பு டேப் ஒட்டி வைத்தாள். சட்டையைச் சுருட்டித் துப்பாக்கிக்கு அண்டை கொடுத்து, திருகைத் தொடாமல் சுட்டாள். டேப்புக்குச் சரியாக மூன்று விரல் மேலே துளை. கெல்வின் கை வைத்தால் வைத்ததுதான். பிறகு ஸ்கோப்பின் மூடியைக் கழற்றி, இருபது சென்ட் காசைத் திருகின் பள்ளத்தில் வைத்துப் குண்டு கீழே இறங்கும்படி பத்து கிளிக் திருப்பினாள். காய்ந்த சிவப்புக் கோடு வெடித்து இரண்டாகப் பிரிந்தது. திருட்டுத்தனம் செய்கிறவள் போல வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு?" என்றான் கெல்வின், அவள் வீடு திரும்பியதும்.

"தவறிடுச்சு."

"எவ்ளோ தூரம்?"

"எண்பது இருக்கும்."

"எண்பதுல தவறுமா? கண்ணாடி போட்டுக்கிட்டுப் போ கிழவி."

இரண்டாம் நாள் துளை ஒரு விரல் கீழே விழுந்தது. இரண்டு கிளிக் ஏற்றினாள். வீட்டில், "மறுபடியுமா? அந்த மானே பக்கத்துல வந்து, கொஞ்சம் இந்தப் பக்கம் சுடும்மான்னு சொல்லியிருக்குமே" என்றான். மூன்றாம் நாள் துளை டேப்பைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. ஒரு கிளிக். அன்றைக்கு, "நாளைக்குக் கல்ல எடுத்துக்கிட்டுப் போ, தோட்டாவாவது மிச்சம்" என்றான். அவள் வாயை இறுக்கிக்கொண்டு உருளைக்கிழங்கு தோல் சீவினாள். நாலாம் நாளிலிருந்து அவன் கிண்டலை நிறுத்திக்கொண்டான்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துப் பண்ணையில் ஆடு மேய்க்கிற விரேமு அன்றைக்கு வருவான். ஆள் நல்ல வாட்டசாட்டம். கெல்வினைத் தூக்கிக் குளியல் தொட்டியில் உட்காரவைப்பது அவன் வேலை. யாரும் அவனைக் கேட்டதில்லை, அவனாக எடுத்துக்கொண்ட வேலை.

"ஆன்ட்டி, ஊர்ல ஒரே பேச்சு" என்றான் குளியலறையிலிருந்து. "அஞ்சு நாளா அஞ்சு குண்டு, ஒரு மான் கூட விழலியாமே. எங்க பக்கத்து மானுங்க எல்லாம், டல்லக் வீட்டுப் பக்கம் போனா பத்திரம்னு மூட்ட கட்டிக்கிட்டு வருதாம்."

கெல்வினும் சேர்ந்து சிரிப்பான் என்று நைரீ எதிர்பார்த்தாள். "சோப்ப எடுடா. பேச்சு அப்புறம்" என்ற அவன் குரல்தான் கேட்டது.

"மேல ஓடைத் தலைப்புல ஒரு பெரிய ஆண்மான் முக்காரம் போடுது, அங்கிள். எங்க நாய்ங்களே வாலச் சுருட்டிக்குது. ரெண்டு வருஷம் முன்னால மாதிரி நீங்க இருந்திருந்தா..." என்று விரேமு பாதியில் நிறுத்தினான். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் வந்தது.

ஆறாம் நாள் குண்டும் முந்தின இரண்டு துளைகளோடு ஒட்டிக்கொண்டு விழுந்தது. மூன்று துளையையும் ஒரு காசால் மூடிவிடலாம். வேலை முடிந்தது. நைரீ ஓட்ஸ் பெட்டியைக் கிழித்துச் சரளைக்கு அடியில் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"தவறிடுச்சு" என்றாள் அவன் கேட்பதற்கு முன்பே.

"முடிஞ்சுதா?" என்றான்.

"என்ன முடிஞ்சுதா?"

"ஜீரோ."

அவள் துப்பாக்கியை மாட்டப் போன கையோடு நின்றாள்.

"சரிவுல சுட்டா சத்தம் ஒரு தடவதான் திரும்பி வரும். சரளைக் குழியில சுட்டா ரெண்டு தடவ வரும். ஆறு நாளும் ரெண்டு தடவ வந்துச்சு. எனக்குக் கைதான் போச்சு நைரீ, காது இருக்கு."

"மொதல்லயே தெரியுமா? அப்புறம் எதுக்கு அவ்ளோ கிண்டல்?"

"நீ பொய் சொல்லி நான் பாத்ததில்ல. எவ்ளோ நாள் தாக்குப்பிடிக்கறன்னு பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "தெனம் ஆறின குழல்ல ஒத்தக் குண்டு. இந்தப் பள்ளத்தாக்குல இவ்ளோ சுத்தமா எவனும் ஜீரோ வச்சதில்ல."

நைரீக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதோடு விட்டிருந்தால் நல்ல சாயங்காலமாக இருந்திருக்கும்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான் கெல்வின். "ஷோனா போன் பண்ணா. பிப்ரவரில." ஷோனா அவன் தங்கை, கடற்கரைப் பக்கம் இருப்பவள். "முக்காரக் காலத்துல நாலு நாள் வந்து உன்னப் பாத்துக்கறேன், நைரீ மேல போயிட்டு வரட்டும்னு சொன்னா. நான் வேணாம்னுட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா நீ போயிருப்ப." அவன் இடக்கை நாற்காலிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தது. "நான் இல்லாம நீ மேல போறத, இங்க உக்காந்து பாக்க... முடியல நைரீ."

ஷோனா இப்போது ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் இருக்கிறாள், ஜூனில்தான் வருவாள். முக்காரக் காலம் இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும். நைரீ நாற்பது நாற்பது நிமிடமாக வாழ்ந்துகொண்டிருந்தபோது முழுசாக நாலு நாள் அந்த வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது, இவன் கதவைச் சாத்தி அனுப்பியிருக்கிறான். அவன் மனசு புண்படக்கூடாதென்று அவள் ஆறு நாள் ஊர் சிரிக்கத் திருட்டுத்தனமாகச் சுட்டிருக்கிறாள். அவளுக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவனை அப்படி வெறுத்ததில்லை.

அவள் சட்டைப் பையிலிருந்து டைமரை எடுத்து, அவன் பார்க்கும்படி மேஜைமேல் வைத்தாள். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மணி மூன்று இருக்கும். ஓடைக்கு இக்கரையில் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே மண்சரிவு வெயிலில் கிடந்தது. திரும்ப வேண்டிய நேரம் வந்ததும் உடம்பு தானாக எழப் பார்த்தது. அதட்டி உட்காரவைத்தாள். நிழல் ஓடையைத் தாண்டிச் சரிவின் அடியில் ஏறியது. இவ்வளவு நேரம் வெளியே இருந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தாள். சந்தோஷமாக இல்லை. கொசுவைவிடச் சின்ன மணல் ஈக்கள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தன. எழுந்துபோகவும் மனசில்லை, இருக்கவும் மனசில்லை.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஒரு முக்காரம் எழுந்தது.

ஆண்மான் இல்லை. நுனி வெட்டிய மாட்டுக் கொம்பை வாயில் வைத்து, தொண்டையிலிருந்து ஆண்மான் போலக் கத்துவது அந்த ஊர் வேட்டைக்காரர்களின் வித்தை. வேறொரு ஆண்மான் தன் இடத்துக்கு வந்துவிட்டதென்று நினைத்து மேலேயிருப்பது சண்டைக்கு இறங்கி வரும். கெல்வினின் கொம்பு இரண்டு வருடமாக வராந்தா ஆணியில் தூசி படிந்து தொங்கியது. ஜன்னலிலிருந்து வராந்தாவரை அவன் எப்படிப் போனான்?

மறுபடி கத்தினான். ஒரு பக்கம் இழுத்த வாயால் கத்துவதால், வயசாகித் தோற்றுப்போன ஆண்மானின் குரல் போல இருந்தது. வெகு உயரத்திலிருந்து பதில் வந்தது. விரேமு சொன்ன ஆண்மான்தான். கொம்பு கத்த, மலை பதில் சொல்ல, ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பாறை உருண்டது. மரக்கிளை முறிந்தது. நைரீக்குப் புரிந்தது. அவளை மேலே அனுப்ப அவனால் முடியாது, அதனால் மேலே இருப்பதை அவளிடம் இறக்கிக்கொண்டிருக்கிறான். தன்னை அறியாமல் படுத்து, துப்பாக்கியை அணைத்துக்கொண்டாள்.

அது சரிவின் நடுவில் வந்து நின்றது. சேற்றில் புரண்டு கறுத்த உடம்பு, கொம்பில் கிழிந்த கொடி, வாயிலிருந்து ஆவி. சரியாக நூறு மீட்டர். குறுக்குக்கோடு கழுத்தில் உட்கார்ந்தது. மூன்று விரல் கீழே பிடிக்க வேண்டாம், ஒரு விரலும் வேண்டாம். இருக்கிற இடத்தில் அப்படியே அழுத்தினால் போதும்.

வீட்டுப் பக்கமிருந்து கொம்பு மறுபடி எழுந்தது. எழுந்த சத்தம் பாதியில் அறுந்து நின்றது.

ஆண்மான் காதைத் திருப்பி வீட்டுப் பக்கம் பார்த்தது. நைரீயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். ஒன்றுமில்லை. ஸ்கோப்பில் மான் கழுத்து போய், சமையலறைத் தரை வந்தது. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினாள். பின்னால் அந்தப் பெரிய உடம்பு காட்டை உடைத்துக்கொண்டு ஏறியது காதில் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. ஓடைக்கரை ஈரச் சேற்றில் முழங்கால் பட விழுந்தாள். பத்து நிமிட வழியை நாலு நிமிடத்தில் ஓடினாள். ஓட ஓட, நான் போகலை, இனிமே எங்கயும் போகலை என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

கெல்வின் வராந்தா பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் ரத்தச் சிவப்பு, சட்டை முழுக்க எச்சில், மடியில் கொம்பு.

"ஏன் சுடல?" என்றான் கோபமாக.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்ட கிழியக் கத்தி எறக்கிக் கொண்டாந்தேன். சரிவுக்கு வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு."

"எவ்ளோ தூரம்?"

"நூறு."

"அப்புறம் என்ன கேடு?"

"சத்தம் நின்னுபோச்சு கெல்வின். பாதில நின்னுபோச்சு."

அவன் அவளையே பார்த்தான். நனைந்த முழங்காலைப் பார்த்தான். "மூச்சு வாங்கறதுக்கு நிறுத்தினேன்" என்றான்.

நைரீ படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அவளை அழவிட்டான். பிறகு கதவு வழியாகச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான்.

"ரெண்டே கால் மணி நேரம் போயிருந்த. நான் சாகல" என்றான். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்து, "அன்னிக்கும் நாந்தான் போகச் சொன்னேன். நீ போனதால நான் விழல, நைரீ" என்றான்.

இரண்டு வருடமாக யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் காத்திருந்தாள். அவன் சொல்வான் என்று நினைக்கவில்லை. ஷோனா விஷயத்தில் அவள் அவனை அன்றைக்கு மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கொம்பை அவன் மடியிலிருந்து எடுத்து, எச்சிலைத் துடைத்து, அவன் இடக்கை எட்டுகிற உயரத்தில் புது ஆணி அடித்து மாட்டினாள்.

மறுநாள் மதியம் அவள் டைமர் இல்லாமல் கிளம்பினாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கெல்வின் கொம்பில் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வடக்கே காட்டுக்குள் ஏறினாள். ஏழெட்டு மரம் தாண்டியது, நூறு மரம் தாண்டியது, கொம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. காடு முடிந்து முதல் புல்மேட்டில் கால் வைத்தபோது சத்தம் மெலிந்து, காதைக் குவித்தால்தான் கேட்டது. அதற்கு மேலும் முப்பது தப்படி போனாள். அங்கே கேட்கவில்லை. மேலே, உண்மையான மேலே, இன்னும் இரண்டு மணி நேர ஏற்றத்தில் மஞ்சள் புல்லோடு வெயிலில் கிடந்தது. ஒரு ஆண்மான் அங்கே எங்கோ முக்காரமிட்டது. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அந்த முப்பது தப்படியும் திரும்பி வந்து, கொம்பு கேட்கும்வரை காத்திருந்து, இறங்கினாள்.

"எதுவரைக்கும் கேட்டுச்சு?" என்றான் கெல்வின்.

"மொதப் புல்மேடு."

"அங்கேர்ந்து எதுத்தாப்புல மலைமுதுகு எவ்ளோ தூரம்?"

"நூத்தம்பது."

அவன் யோசித்தான். "அப்ப நூறுக்கு ஒரு விரல் மேல" என்று சொல்லிவிட்டு, திருகைத் திருப்பும் காசுக்காக இடக்கையை நீட்டினான்.

அவள் துப்பாக்கியை அவன் மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் மூடியைக் கழற்றச் சொல்லி, வெடித்த சிவப்புக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூன்று கிளிக் எண்ணித் திருப்பினான். நாளைக்குச் சரளைக் குழியில் சுட்டுப் பார், வெளிப்படையாகவே மூன்று குண்டு சுடு என்றான். நகச்சாயப் புட்டியில் அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் இடக்கையால் இழுத்ததில் கோடு கோணலாக விழுந்தது. அடுத்த வருஷம் என்று அவன் அன்றைக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாயம் காயும்வரை இருவரும் துப்பாக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.